சிவப்பணுவுக்கு ஆணையிடுவது யார்?



இரத்தத்தைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. நம் உடலில் சிவப்பணுக்களின் அளவு கூடாமலும் குறையாமலும் காக்கப்படுகிறதே, காப்பது யார்? அளப்பது எந்த உறுப்பு? எதை வைத்து அளக்கிறது? அளந்தபின் யாருக்கு ஆணை போகிறது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள். உடல் முழுவதும் சேர்த்தால் சுமார் 25 இலட்சம் கோடி. ஒவ்வோர் அணுவுக்கும் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். சித்திரைப் பிறப்பன்று எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வந்த அணு, ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு வாரத்தில் மடிந்துவிடுகிறது. அப்படி நாள்தோறும் நூற்றில் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட மஜ்ஜை ஒரு நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய அணுக்களைத் தர வேண்டும். நீங்கள் விழித்திருந்தாலும் தர வேண்டும். உறங்கினாலும் தர வேண்டும்.

இந்தப் பிறப்பு பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? நான்கே மாதத்தில் உங்கள் சிவப்பணுக்களும் பாதியாகிவிடும். பிறப்பு இரட்டித்தால்? இரத்தம் கெட்டிப்பட்டு, இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறும். மூளையில் உறைகட்டி அடைக்கும். ஆனால் நலமாக உள்ள ஒருவருக்கு இந்த ஆண்டு பார்த்த ஹீமோகுளோபினும் அடுத்த ஆண்டு பார்ப்பதும் அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. அப்படியானால் நம் உடலுக்கு எண்ணத் தெரியுமா?

தெரியாது. அதைத்தான் இன்று உங்கள் முன் நிறுவப் போகிறேன். உடல் அணுக்களை எண்ணுவதில்லை. அந்த அணுக்கள் கொண்டுவந்து சேர்க்கும் ஆக்சிஜன் போதுமா, போதாதா என்று மட்டுமே பார்க்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மலையேறுவோர் உடலில் நடப்பதும் புரியும். சிறுநீரகம் பழுதானவர் ஏன் வெளிறிப் போகிறார் என்பதும் புரியும். நம் வீட்டுப் பெண்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பதும் புரியும்.

இதற்கு முதல் தடயம் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. மலையில் கிடைத்தது. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், மொரோகோச்சா என்றொரு சுரங்க ஊர். பிரான்சுவா ஜில்பேர் வியோ என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அங்கே போனார். கடலோரத்து லிமா நகரில் அவருடைய இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சம் அணுக்கள். மலையில் இரண்டு வாரம் கழித்து எண்ணினார்: 71 இலட்சம். இன்னும் சில நாள் கழித்து எண்ணினார்: 80 இலட்சம். 1890-இல் இந்த எண்கள் வெளிவந்தபோது ஐரோப்பிய மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த ஏற்றம் முழுவதும் புதிய அணுக்களால் வந்ததல்ல என்பது இன்று நமக்குத் தெரியும். உயரத்துக்குப் போன முதல் நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குகிறது. அதனால் இருக்கும் அணுக்களே நெருங்கி வந்து கூடுதலாகத் தெரியும். ஆனாலும் வியோ கண்ட அடிப்படை சரியானது. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் மஜ்ஜை வேகம் பிடிக்கிறது.

சரி, மஜ்ஜைக்கு இந்தச் சேதி எப்படிப் போகிறது? எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மஜ்ஜை தானே ஆக்சிஜன் குறைவை உணர்ந்துகொள்கிறதா? வேறோர் உறுப்பு உணர்ந்து சொல்கிறதா?

1906-இல் பாரிசில் பால் கார்னோ என்ற மருத்துவரும் அவருடன் ஆய்வு செய்த தெஃப்லாந்தர் அம்மையாரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முயலிடமிருந்து இரத்தம் எடுத்து அதைச் சோகையுறச் செய்தார்கள். அதன் இரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரை நலமான இன்னொரு முயலுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அந்த நலமான முயலுக்கும் சிவப்பணுக்கள் பெருகின என்று அறிவித்தார்கள். அதாவது, இரத்தத்திலேயே கரைந்து போகும் ஏதோ ஒரு பொருள் மஜ்ஜைக்கு ஆணை கொண்டு போகிறது என்பது அவர்கள் முடிவு. மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். வரவில்லை. மீண்டும் செய்தார்கள். வரவில்லை. பல பத்தாண்டுகள் அந்தக் கருத்தை ஐயத்தோடே பார்த்தார்கள். இருவரும் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பொருள் இரத்தத்தில் அவ்வளவு நுண்ணிய அளவில் இருந்தது.

ஐயத்தை உடைத்தது 1950-இல் கர்ட் ரைஸ்மன் செய்த சோதனை. எவ்வளவு எளிமை, எவ்வளவு கூர்மை என்று பாருங்கள். இரண்டு எலிகளின் உடலை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தார். ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்கும் போகும். ஓர் எலிக்கு ஆக்சிஜன் குறைந்த காற்று; மற்றதற்கு நாம் சுவாசிக்கும் இயல்பான காற்று. சில நாளில் இரண்டு எலிகளின் மஜ்ஜையும் பெருக்கம் கண்டது! நல்ல காற்றைச் சுவாசித்த எலியின் மஜ்ஜைக்கு என்ன வந்தது? அதற்கு ஆக்சிஜன் குறையவில்லையே? துணை எலியின் இரத்தத்தோடு வந்த ஆணைதான் வேலை செய்தது. 1953-இல் ஆலன் எர்ஸ்லெவ், கடும் சோகையுற்ற முயல்களின் தெளிநீரைப் பெருமளவில் ஏற்றி, கார்னோவின் சோதனையை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார். ஃபின்லாந்தைச் சேர்ந்த இரண்டு பெண் ஆய்வாளர்கள், போன்ஸ்டோர்ஃப், யாலவிஸ்டோ இருவரும் 1948-இலேயே அந்தப் பொருளுக்கு எரித்ரோபாய்டின் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்தது. ஆள் பிடிபடவில்லை.

எங்கே சுரக்கிறது? சிகாகோவில் லியான் ஜேக்கப்சனும் யூஜின் கோல்ட்வாசரும் அவர்கள் குழுவினரும் எலிகளிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக நீக்கிப் பார்த்தார்கள். பிட்யூட்டரியை நீக்கினாலும் பொருள் சுரந்தது. தைராய்டை நீக்கினாலும் சுரந்தது. அட்ரீனலை நீக்கினாலும் சுரந்தது. மண்ணீரலை நீக்கினாலும் சுரந்தது. சிறுநீரகங்கள் இரண்டையும் நீக்கியபோது நின்றுபோனது. 1957-இல் அதை வெளியிட்டார்கள். சிறுநீர் பிரிக்கும் உறுப்பு என்று மட்டுமே நாம் நினைத்திருந்த ஒன்று, இரத்தத்தின் அளவைக் காக்கும் உறுப்பாகவும் இருந்தது.

ஏன் சிறுநீரகம்? என்னிடம் படித்த மாணவர்கள் இந்த இடத்தில் தவறாமல் கேட்ட கேள்வி இது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் முதலில் தவிப்பது மூளை. ஓடினால் களைப்பது தசை. அவற்றுக்கு இல்லாத பொறுப்பு சிறுநீரகத்துக்கு ஏன்?

தசையின் கையில் இந்தப் பொறுப்பு இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு முறையும் தசைக்குள் ஆக்சிஜன் சரிகிறது. ஒவ்வொரு முறையும் அது புதிய இரத்தம் கேட்கும். சிறுநீரகம் அப்படியல்ல. இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. அதிக இரத்தம் வந்தால் வடிகட்டும் வேலையும் அதிகம். வேலை கூடினால் ஆக்சிஜன் செலவும் கூடும். வரவும் செலவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. ஆகவே அந்தத் திசுவில் ஆக்சிஜன் குறைந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இரத்தத்தின் ஓட்டம் அல்ல. இரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனே குறைந்திருக்கிறது. நம் ஏரிப்பாசன ஊர்களில் மடையைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. நல்ல நீர்க்கட்டி ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறக்க மாட்டார். கடைமடை வயல்வரை நடந்துபோய், மண் நனைந்திருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்துதான் மடையில் கை வைப்பார். சிறுநீரகம் நிற்பது அந்தக் கடைமடையில்.

இனி அந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த கதைக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். பொறுமைக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. 1955-இல் ஜேக்கப்சன் கேட்டதன் பேரில் கோல்ட்வாசர் இந்த வேலையில் இறங்கினார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது! சோகையுறச் செய்த ஆடுகளின் இரத்தத்தை லிட்டர் லிட்டராக வடித்தார். கிடைத்தது போதவில்லை.

அப்போது ஜப்பானில், குமாமோட்டோ பல்கலைக்கழகத்தில் தாகாஜி மியாகே என்ற மருத்துவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். மஜ்ஜை செயலிழந்துபோன நோயாளிகளுக்குக் கடுமையான சோகை இருக்கும். அவர்கள் சிறுநீரகம் ஆணைக்கு மேல் ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏற்றுச் செய்ய மஜ்ஜையில் அணுக்கள் இல்லை. அப்படித் தேங்கும் எரித்ரோபாய்டினில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறும். அந்த நோயாளிகளின் சிறுநீரைத்தான் மியாகே சேகரித்தார். எவ்வளவு? 2,550 லிட்டர். அதை வற்றவைத்து, உலர்த்தி, 1975-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் சிகாகோவுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பட்டுத்துணியில் பொதிந்த அந்தப் பெட்டியைக் கோல்ட்வாசரின் கையில் கொடுத்தார். இருவரும் குழுவினரும் சேர்ந்து அதிலிருந்து பிரித்தெடுத்த தூய எரித்ரோபாய்டின் சுமார் 8 மில்லிகிராம். 1977-இல் அது அச்சில் வந்தது. தம் உடலுக்குள் வீணாகிப்போன ஆணையைத் துளித்துளியாகத் தந்துதவிய அந்த நோயாளிகளின் பெயரை எந்த நூலும் சொல்வதில்லை. இந்த மேடையில் அவர்களை நான் வணங்குகிறேன்.

அந்த 8 மில்லிகிராம்தான் பிறகு வந்த அனைத்துக்கும் வித்து. அதன் அமைப்பைத் துப்பாகக் கொண்டு, 1983-இல் தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின், ஆம்ஜென் நிறுவனத்தில் எரித்ரோபாய்டினின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். அந்த மரபணுவை வெள்ளெலி அணுக்களில் பொருத்தி ஹார்மோனை வேண்டுமட்டும் செய்துகொள்ள முடிந்தது. சியாட்டிலில் ஜோசப் எஷ்பாக் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1987-இல் முடிவுகளை வெளியிட்டார். அதுவரை டயாலிசிஸில் இருந்த பலர் அடுத்தவர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். ஏற்றிய இரத்தத்தால் இரும்பு உடலில் தேங்கியது. கல்லீரல் தொற்றும் சேர்ந்தது. 1989 ஜூனில் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊர் டயாலிசிஸ் பிரிவுகளில் நோயாளிகளும் செவிலியர்களும் வாய்நிறைய ‘ஈப்போ ஊசி’ என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

நண்பர்களே, இப்போது மஜ்ஜைக்குள் நுழைவோம். ஆணை போய்ச் சேர்ந்தது. அந்த ஆணை என்ன சொல்கிறது? ‘பிறப்பியுங்கள்’ என்றா? நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். உண்மை அதைவிட வியப்பானது.

மஜ்ஜையில் சிவப்பணுவாகக் கூடிய முன்னணுக்கள் எப்போதும் தேவைக்கு மேலாகவே பிறந்துகொண்டிருக்கின்றன. ஒரு கட்டம் வரும்போது அவற்றுக்கு எரித்ரோபாய்டின் கிடைத்தே தீர வேண்டும். கிடைக்காத அணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கிடைத்த அணு பிழைத்துக்கொள்ளும். சாதாரண நாட்களில் ஹார்மோன் கொஞ்சமாக இருக்கிறது; பெரும்பகுதி முன்னணுக்கள் மடிகின்றன; சில பிழைக்கின்றன; அந்தச் சிலவே அன்றாடத் தேவைக்குப் போதும். பிரசவத்தில் இரத்தம் போனதா? விபத்தில் போனதா? சில மணி நேரத்தில் ஹார்மோன் ஏறுகிறது. கடுமையான சோகையில் ஆயிரம் மடங்குவரைகூட ஏறும். மடிய இருந்தவை மடியாமல் தப்புகின்றன. ஆக, எரித்ரோபாய்டின் முதன்மையாகச் செய்வது பிறப்பிப்பது அல்ல, சாவிலிருந்து மீட்பது. இதை 1990-இல் மார்க் கூரியும் மாரிஸ் பாண்டுரான்ட்டும் தெளிவாகக் காட்டினார்கள்.

வீணடிப்பு என்று தோன்றுகிறதா? நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாகத் தொடங்கி ஒரு தலைமுறை அணுக்களை வளர்க்க நாள் ஆகும். ஏற்கனவே வளர்ந்து வாசலில் நிற்பவற்றைக் காப்பாற்றுவது உடனே நடக்கும். அப்படிக் காப்பாற்றப்பட்ட அணு, விழுங்கணு ஒன்றைச் சுற்றி மற்றவற்றோடு கூடி நின்று, சில நாளில் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளிய உட்கருவை அந்த விழுங்கணு உண்டுவிடுகிறது. உட்கருவை இழந்த அணு பிறகு இளம் சிவப்பணுவாக இரத்தத்தில் இறங்குகிறது. மூன்று நான்கு நாளில் இளம் அணுக்களின் ஏற்றத்தைப் பரிசோதனையில் காணலாம். ஹீமோகுளோபின் ஏற வாரங்கள் ஆகும். ஊசி போட்ட மறுநாளே எண் ஏறவில்லை என்று கலங்கும் குடும்பத்தார் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சிறுநீரகத்தில் உள்ள அந்த அணு, ஆக்சிஜன் குறைந்ததை எப்படித்தான் அறிந்துகொள்கிறது? இதற்கு விடை சொன்ன மூவருக்கு 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது: வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா.

அவர்கள் கண்டது இது. எரித்ரோபாய்டினின் மரபணுவை இயக்கிவிடும் ஒரு புரதம் உண்டு. சுருக்கமாக ஹிஃப் என்பார்கள். அந்தப் புரதம் எந்நேரமும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. உருவான சில நிமிடங்களில் அழிக்கவும் படுகிறது. அழிப்பதற்கு முன் ஒரு நொதி அதன்மேல் ஓர் அடையாளம் இடுகிறது. அந்த அடையாளம் இட நொதிக்கு என்ன வேண்டும்? ஆக்சிஜன் வேண்டும். கவனியுங்கள், ஆக்சிஜனே வேண்டும்! ஆக்சிஜன் நிறைய இருந்தால் அடையாளம் விழும், புரதம் அழியும், மரபணு உறங்கும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது, புரதம் பிழைக்கும், உட்கருவுக்குள் போகும், மரபணுவை எழுப்பும். அவ்வளவுதான். மஜ்ஜையில் பார்த்த அதே நெறி சிறுநீரகத்திலும்! அங்கே முன்னணுக்கள் ஓயாமல் பிறந்து மடிகின்றன. இங்கே ஒரு புரதம் ஓயாமல் பிறந்து மடிகிறது. தேவை வந்தால் இரண்டு இடத்திலும் மடிவது நிற்கிறது. உடலின் இத்தனை விரைவுக்கும் இதுவே அடிப்படை என்பது என் துணிபு.

இதில் ஒரு பழைய புதிரும் அவிழ்ந்தது. கோபால்ட் உப்பைக் கொடுத்தால் சிவப்பணு பெருகும் என்று மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். ஏன் பெருகுகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. அடையாளம் இடும் அந்த நொதிக்கு ஆக்சிஜனோடு இரும்பும் வேண்டும். கோபால்ட் அந்த இரும்பின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. மூச்சு நன்றாக இருந்தும் உடல் மலையுச்சியில் நிற்பதாக ஏமாந்துபோகிறது.

சரி, இரத்தம் கூடக் கூட நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, தாய்மார்களே. பந்தயத்தில் அது உதவியது உண்டுதான். ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மேன்டிரான்டா 1964 இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். அவர் ஹீமோகுளோபின் 20 கிராமுக்கும் மேல். அவர் குடும்பத்தில், எரித்ரோபாய்டினை ஏற்கும் வாங்கியில் ஒரு சிறு பகுதி பிறப்பிலேயே இல்லை; அந்தப் பகுதிதான் ‘போதும்’ என்று நிறுத்துவது. 1993-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு இயற்கையாக அமைந்ததைச் சிலர் ஊசியால் பெறப் பார்த்தார்கள். மிதிவண்டிப் பந்தய உலகம் அதனால் பட்ட இழிவை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

ஆண்டீஸ் மலைமக்களில் சிலருக்கு வயது ஏற ஏற இரத்தம் மிகையாகிக் கெட்டிப்பட்டு, தலைவலியும் மூச்சுத்திணறலும் இதயத் தளர்ச்சியும் வருகின்றன. 1920-களில் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மொங்கே அதை விவரித்தார். திபெத்தியர்களோ அதே உயரத்தில் வாழ்ந்தும் ஹீமோகுளோபின் பெரிதும் ஏறாமல் இருக்கிறார்கள். 2010-இல் அதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டார்கள்; அது ஹிஃப் குடும்பத்து மரபணுவிலேயே இருந்தது. உயரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மக்களுக்கு அமைந்தது இரத்தத்தைக் கூட்டும் வழியல்ல, அடக்கும் வழி!

மருத்துவமும் இதைப் பட்டே கற்றது. சிறுநீரக நோயாளிகளின் ஹீமோகுளோபினை நலமானவர் அளவுக்கே ஏற்றிவிடலாம் என்று முயன்றார்கள். 1998-இலும் 2006-இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், அதிகம் ஏற்றப்பட்டவர்கள் கூடுதலாக இதயத் தாக்குக்கும் இறப்புக்கும் ஆளானார்கள். அதன்பின் 2007-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரக நோயாளிக்கு ஹீமோகுளோபின் 11 இருந்தால் ‘இன்னும் ஏற்றுங்கள், டாக்டர்’ என்று வற்புறுத்தாதீர்கள்.

ஆணை மட்டும் இருந்தால் போதுமா? மூலப்பொருள் வேண்டாமா? ஒரு நாளின் புதிய அணுக்களுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மிச்சம் எங்கிருந்து? மடிந்த அணுக்களிலிருந்து. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் கிழட்டு அணுவை உண்டு, அதன் இரும்பைத் திரும்ப இரத்தத்துக்குக் கொடுக்கின்றன.

இங்கேயும் ஒரு காவல் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், குடலிலும் விழுங்கணுக்களிலும் இரும்பு வெளியேறும் வாயிலை அடைக்கிறது. காய்ச்சலோ நெடுநாள் அழற்சியோ வந்தால் ஹெப்சிடின் ஏறி, இரும்பு உள்ளே முடங்குகிறது. காசநோயாளிக்கும் மூட்டுவாத நோயாளிக்கும் டானிக் எவ்வளவு குடித்தாலும் இரத்தம் ஊறாததற்கு இது ஒரு காரணம். ஆனால் மஜ்ஜைக்கு அவசரத் தேவை வந்தால்? எரித்ரோபாய்டின் பெற்ற முன்னணுக்களே எரித்ரோஃபெர்ரோன் என்ற ஒன்றைச் சுரந்து, ஹெப்சிடினைக் குறைக்கும்படி கல்லீரலுக்குச் சொல்கின்றன. 2014-இல்தான் இதைக் கண்டார்கள். தலசீமியா என்ற பிறவிச் சோகை உள்ளவர்களுக்கு இதுவே தீங்காகிறது. அவர்கள் மஜ்ஜை ஓயாமல் முயன்று தோற்கிறது. ஓயாமல் இரும்பு கேட்கிறது. வாயில் திறந்தே கிடக்கிறது. இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பு படிகிறது. வெளிறியிருக்கிறார் என்பதற்காக அவருக்கு இரும்பு மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுத்தால் நஞ்சு கொடுத்தது போலாகும்.

மூலப்பொருள் இரும்பு மட்டுமல்ல; அதைப் பற்றிப் பேசும்போது லூசி வில்சை விட்டுவிட முடியாது. 1928-இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வந்த அந்த மருத்துவர், ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒரு சோகையை ஆராய்ந்தார். சிவப்பணுக்கள் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து, தாயையும் சேயையும் கொல்லும் சோகை அது. குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் எலிகளிடம் சோதித்தார். 1931-இல் சென்னையில், இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றால் செய்த மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்தபோது அந்தத் தாய்மார்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. அதைச் செயற்கையாகச் செய்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆய்வுத் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மாணவியரே, பள்ளியில் வாரம் ஒருமுறை உங்கள் கையில் தரும் நீல மாத்திரையில் இரும்போடு இருப்பது அந்த ஃபோலிக் அமிலம்தான். அதைச் சன்னல் வழியே எறிபவர்கள் இருக்கிறார்கள். எறியாதீர்கள்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. பாதிக்கும் மேல்! அவர்கள் சிறுநீரகம் சும்மா இருக்கவில்லை. ஆணை போய்க்கொண்டே இருக்கிறது. முன்னணுக்கள் மீட்கப்படுகின்றன. ஆனால் பலரிடம் ஹீமோகுளோபின் கட்ட இரும்பு இல்லை. மாதந்தோறும் போகும் இரத்தம், அடுத்தடுத்த பிரசவம், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம். இந்த மூன்றில் கடைசியை மாற்ற எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை என்பதைக் கோபத்தோடே சொல்கிறேன். ‘ரத்தம் கம்மி’ என்று சீட்டில் வந்தால், எதனால் கம்மி என்று கேளுங்கள். இரும்பா, ஃபோலிக் அமிலமா, பி12-ஆ, எங்காவது இரத்தம் கசிகிறதா, சிறுநீரகம் ஆணை அனுப்புகிறதா? நீரிழிவு உள்ளவர்கள் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. ஒரு கிரியாட்டினின் பரிசோதனை போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

இன்றைய நிலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஹிஃப் மீது அடையாளம் இடும் நொதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் வந்துவிட்டன. சீனாவில் 2018-இல் ராக்ஸாடுஸ்டாட்டுக்கும், இந்தியாவில் 2022-இல் டெசிடுஸ்டாட்டுக்கும் அனுமதி கிடைத்தது. கோபால்ட் செய்ததை, அதன் நஞ்சு இல்லாமல் செய்கின்றன. ஊசிக்குப் பதில் மாத்திரை என்பது தொலைவூர் நோயாளிக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஹிஃப் எழுப்பும் மரபணு எரித்ரோபாய்டின் ஒன்று மட்டும் அல்ல. புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுவும் அதில் உண்டு. ஆகவே புற்றுநோய் இருந்தவர்களும் உறைகட்டி வந்தவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. எடுப்பவர்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்போரின் குடும்பத்தார் சிலர் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். உங்கள் கேள்விகளுக்காகவே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கூசாமல் எழுந்து கேளுங்கள்.